கொலஸ்ட்ரால் குறைந்தது சரி... குறைத்தது எது?

அந்த வாத்தியார் ஐயா இரண்டு லேப் ரிப்போர்ட்டுகளை என் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தார். முப்பது வருடம் பரீட்சைப் பேப்பர் திருத்திய கை. இரண்டிலும் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார். முதல் ரிப்போர்ட்டில் மொத்தக் கொலஸ்ட்ரால் 262. மூன்று மாதம் கழித்து எடுத்ததில் 188.

"எப்படி டாக்டர்?" என்று பெருமையாகச் சிரித்தார்.

அப்புறம் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். லேபிளில் சிவப்பாக ஓர் இதயம், அதைச் சுற்றி பச்சை இலைகள். குக்குலு, பூண்டு, வெந்தயம், மருதம்பட்டை என்று ஒரு பட்டியல். மகனுடைய சிநேகிதர் கொண்டுவந்து கொடுத்தாராம். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று.

"இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திட்டேன். அதைச் சாப்பிட்டா கெண்டைக்கால் எல்லாம் வலி. இது நம்ம நாட்டு மருந்து. அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். இது நல்லதுன்னு நீங்க ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தீங்கன்னா, எங்க பென்ஷனர் சங்கத்துல நாலு பேருக்குச் சொல்லலாம்."

சொல்லலாம் என்றால் விற்கலாம் என்று அர்த்தம். அவர் வீட்டில் பன்னிரண்டு டப்பா வாங்கி அடுக்கி வைத்திருக்கிறார் என்பது கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

முக்கியமான ஒன்றை இன்னும் சொல்லவில்லை. பதினான்கு மாதத்துக்கு முன்னால் அவருக்கு மாரடைப்பு வந்தது. ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அவர் நிறுத்திய அந்த 'இங்கிலீஷ் மாத்திரை' ஸ்டாட்டின். இதய டாக்டர் ஆயுள் முழுக்கச் சாப்பிடச் சொன்னது.

"இந்த மூணு மாசத்துல வேற என்னெல்லாம் மாத்துனீங்க, ஐயா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமே மாத்தலை. அதே வீடு, அதே சாப்பாடு."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தார். "டாக்டர், நான் ஒண்ணு சொல்லலாமா?" என்றார்.

"சொல்லுங்கம்மா."

"இவுக மாத்திரையை நிறுத்துனதும் எனக்குப் பயமாப் போச்சு. சொன்னா கேக்க மாட்டாக. அதனால ராத்திரி போடுற மத்த மாத்திரையோட அதையும் உரிச்சுக் கையில வச்சுக் குடுத்துருவேன். கேட்டா சத்து மாத்திரைன்னுருவேன். மக வீட்டுக்குப் போயிருந்த பத்து நாள் மட்டும் குடுக்கலை. வடை, பஜ்ஜி போடுறதையும் விட்டுட்டேன். கேட்டா கடலை மாவு இல்லைன்னுருவேன்."

வாத்தியார் ஐயா அந்த அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு டப்பாவைப் பார்த்தார்.

நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் நானும் இதே தப்பைச் செய்தவன்தான். அவர் இரண்டே ரிப்போர்ட்டுகளை வைத்துச் செய்ததை நான் ஒரு முழு நோட்டுப் புத்தகத்தை வைத்துச் செய்தேன்!

என் நோட்டுப் புத்தகம்

1990-களின் தொடக்கத்தில் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்போது எங்களுக்கெல்லாம் ஒரு மருந்தின் பெயரைச் சொன்னாலே நெஞ்சு நிமிரும். குக்குலு. மைசாட்சி என்றும் சொல்வார்கள். (குங்கிலியம் என்று நினைத்துவிடாதீர்கள். அது வேறு மரத்தின் பிசின்.) ராஜஸ்தான், குஜராத்தின் வறண்ட காடுகளில் வளரும் ஒரு முள் செடியின் பட்டையைக் கீறினால் வடியும் பிசின் அது.

காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஜி.வி. சத்தியவதி என்ற ஆராய்ச்சியாளர் 1966-ல் இதைக் கையில் எடுத்தார். சுஸ்ருத சம்ஹிதையில் கொழுப்பு மிகுந்து வரும் நோயைப் பற்றிச் சொன்னதையும், அதற்குக் குக்குலு கொடுக்கச் சொன்னதையும் படித்துவிட்டு, 'இது ரத்தக் குழாயில் கொழுப்புப் படிகிற நோயைப் போலவே இருக்கிறதே' என்று யோசித்தார். முயல்களுக்குக் கொழுப்பு ஏற்றி, குக்குலு கொடுத்துப் பார்த்தார். கொலஸ்ட்ரால் குறைந்தது. இந்தச் சத்தியவதி அம்மையார்தான் பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்த முதல் பெண்.

லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் அந்தப் பிசினிலிருந்து சாறு பிரித்து 'குகுலிபிட்' என்று பெயர் வைத்தது. 1980-களின் இறுதியில் அது மாத்திரையாகக் கடைக்கு வந்தது. பழைய சுவடியிலிருந்து மெடிக்கல் ஷாப் வரைக்கும் வந்த மருந்து! எங்களுக்குப் பெருமை இருக்காதா?

படிப்பு முடித்து ப்ராக்டீஸ் ஆரம்பித்ததும், கொலஸ்ட்ரால் என்று வருகிறவர்களுக்கெல்லாம் குக்குலு சேர்ந்த மருந்து எழுதினேன். கூடவே, "எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், தினமும் முக்கால் மணி நேரம் நடங்க, ராத்திரி சீக்கிரம் சாப்பிடுங்க" என்றும் சொல்வேன். ஒரு நோட்டில் இடது பக்கம் மருந்துக்கு முந்திய எண், வலது பக்கம் பிந்திய எண். பெரும்பாலும் வலது பக்கம் குறைவாகவே இருந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு அந்த நோட்டைத் திறந்து காட்டுவேன்.

பல வருடம் கழித்துத்தான் அந்த நோட்டை நானே ஒழுங்காகப் படித்தேன். வலது பக்கம் பாதிக்கு மேல் காலியாக இருந்தது! மருந்து கேட்காதவர்கள் வேறு டாக்டரைப் பார்க்கப் போய்விட்டார்கள். கேட்டவர்கள் மட்டும் நன்றி சொல்ல வந்தார்கள். நான் குறித்து வைத்தது அவர்களை மட்டும்தான்.

வந்தவர்களிலும் எத்தனை பேர் நடந்ததால் குறைந்தவர்கள், எத்தனை பேர் வடையை விட்டதால் குறைந்தவர்கள்? தெரியாது.

இன்னொரு சங்கதியும் உண்டு. கொலஸ்ட்ரால் என்பது நம் வீட்டு வாசல் கதவு எண் போல நிலையான எண் கிடையாது. எதையும் மாற்றாமல் இருந்தாலே ஒருத்தருக்கு இரண்டு மாத இடைவெளியில் நூற்றுக்குப் பத்து வரை ஏறி இறங்கும். எண் உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் பயந்து டாக்டரைத் தேடுகிறோம். உச்சத்தில் இருந்தது அடுத்த முறை இறங்குவதுதானே இயல்பு? இடையில் எதைச் சாப்பிட்டிருந்தாலும் அதற்குப் பேர் கிடைத்துவிடும். விபூதி பூசியிருந்தால் விபூதிக்கு, கேப்ஸ்யூல் விழுங்கியிருந்தால் கேப்ஸ்யூலுக்கு.

கண்ணைத் திறந்து பார்த்தால் 23... கட்டிக்கொண்டு பார்த்தால் 11!

இதை எப்படித்தான் கண்டுபிடிப்பது? வழி ஒன்று உண்டு. ஒரே மாதிரி ஆட்களைச் சேர்த்து, சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி இரண்டு கட்சியாகப் பிரிக்க வேண்டும். ஒரு கட்சிக்கு மருந்து. இன்னொரு கட்சிக்கு, பார்க்க அதே போல இருக்கும், ஆனால் உள்ளே மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியக் கூடாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியக் கூடாது. கடைசியில் கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எண் தானாக இறங்குவது, நடைப்பயிற்சி, பத்தியம் எல்லாம் இரண்டு பக்கமும் சமமாக இருக்கும். மிச்சம் எவ்வளவு வித்தியாசமோ, அதுதான் மருந்தின் வேலை.

குகுலிபிட்டை நம் நாட்டில் பம்பாய், பெங்களூர், டெல்லி, ஜெய்ப்பூர், லக்னோ, நாக்பூர், வாரணாசி என்று ஏழு ஊர்களில் சோதித்தார்கள். முடிவுகள் 1989-ல் வெளியாயின. அதை முதலில் படித்தபோது நான் கவனிக்காமல் தாண்டிப்போன ஓர் இடம் இருக்கிறது. அந்த ஒரே ஆராய்ச்சியில் இரண்டு பகுதிகள். முதல் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்தே 205 பேருக்கு 12 வாரம் மருந்து கொடுத்தார்கள். நூற்றுக்கு 70, 80 பேருக்குக் கொலஸ்ட்ரால் குறைந்தது. சராசரியாக 23.6 சதவீதம்! இரண்டாவது பகுதியில் யாருக்கு எது என்று தெரியாதபடி மறைத்துக் கொடுத்தார்கள். அதில் குறைந்தது சராசரியாக 11 சதவீதம்.

அதே மருந்து. கண்ணைத் திறந்துகொண்டு கொடுத்தபோது இருபத்து மூன்று, கட்டிக்கொண்டு கொடுத்தபோது பதினொன்று. (நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். முதல் எண் பலன் கிடைத்தவர்களைப் பற்றியது. ஆகவே இரண்டையும் அப்படியே தராசில் வைக்க முடியாது. ஆனாலும் யோசிக்க வைக்கிறது, இல்லையா?)

அந்த இரண்டாவது பகுதியில் குக்குலுவோடு ஒப்பிட்டது வெற்று மாத்திரையை இல்லை. குளோஃபிப்ரேட் என்ற இங்கிலீஷ் மருந்தை. அது குறைத்ததும் 10 சதவீதம்தான். 'பார்த்தீர்களா, ஆங்கில மருந்துக்குச் சமம்!' என்று நாங்கள் மார்தட்டினோம்.

அந்தக் குளோஃபிப்ரேட்டின் கதை தெரிந்திருந்தால் மார்தட்டியிருக்க மாட்டோம். எடின்பரோ, புடாபெஸ்ட், பிராக் ஆகிய மூன்று நகரங்களில் ஆயிரக்கணக்கான ஆண்களை வைத்து உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்தைச் சோதித்தது. முடிவுகள் 1978-லும் 1980-லும் வந்தன. கொலஸ்ட்ரால் சுமார் 9 சதவீதம் குறைந்தது. உயிர் போகாத மாரடைப்புகளும் குறைந்தன. ஆனால் மொத்தமாகக் கணக்குப் பார்த்தால், மருந்து சாப்பிட்டவர்களில்தான் அதிகம் பேர் இறந்திருந்தார்கள். ரிப்போர்ட்டில் எண் அழகாக இருந்தது, ஆளைத்தான் காணோம்.

ஆகவே வாசகர்களே, ஒரு டப்பாவில் 'கொலஸ்ட்ராலைக் குறைக்கும்' என்று போட்டிருந்தால், அது உண்மையாகவே இருந்தாலும், பாதிக் கேள்விக்குத்தான் பதில் கிடைத்திருக்கிறது. மாரடைப்பைக் குறைக்குமா, ஆயுளைக் காப்பாற்றுமா என்பது மீதிக் கேள்வி.

அமெரிக்காவிலிருந்து வந்த அடி

1994-ல் நம் நாட்டிலேயே 61 பேரை வைத்து, வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு 24 வாரம் ஒரு சோதனை நடந்தது. மொத்தக் கொலஸ்ட்ரால் 11.7 சதவீதம், கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 12.5 சதவீதம் குறைந்ததாக முடிவு வந்தது. எனக்கு ரொம்பத் தெம்பாக இருந்தது.

பிறகு 2003 ஆகஸ்ட். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து டாக்டர்கள் 103 பேரை மூன்று குழுவாகப் பிரித்து 8 வாரம் சோதித்த முடிவு, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையில் வந்தது. ஒரு குழுவுக்கு 1,000 மில்லிகிராம் குகுலிபிட் தினம் மூன்று வேளை, இன்னொன்றுக்கு 2,000 மில்லிகிராம் மூன்று வேளை, மூன்றாவதற்கு வெற்று மாத்திரை.

வெற்று மாத்திரைக்காரர்களுக்கு எல்.டி.எல். 5 சதவீதம் குறைந்தது. குகுலிபிட் சாப்பிட்ட இரண்டு குழுவுக்கும் ஏறிவிட்டது! குறைந்த அளவு சாப்பிட்டவர்களுக்கு 4 சதவீதம், கூடுதலாகச் சாப்பிட்டவர்களுக்கு 5 சதவீதம். மருந்து சாப்பிட்டவர்களில் 6 பேருக்கு ஒவ்வாமையால் உடம்பில் தடிப்பு வேறு. வெற்று மாத்திரைக்காரர்களில் ஒருவருக்கும் இல்லை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டுமே! 'அவர்கள் மாட்டுக்கறியும் வெண்ணெயும் சாப்பிடுகிறவர்கள், அவர்கள் உடம்பு வேறு.' 'எட்டு வாரம் பத்தாது.' 'நாங்கள் திரிபலைக் கஷாயத்தில் சுத்தி செய்து கொடுக்கும் குக்குலு வேறு, இவர்கள் பிரித்தெடுத்த சாறு வேறு.' நண்பர்களிடம் இப்படியெல்லாம் வாதாடினேன். இதில் எதுவும் முட்டாள்தனமான வாதம் என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோது ஒன்று உறைத்தது. 1994 முடிவு வந்தபோது நான் இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லையே! பிடித்த முடிவு வந்தால் ஆராய்ச்சி நல்லது, பிடிக்காத முடிவு வந்தால் ஆராய்ச்சி தப்பு என்றால் அது வைத்தியம் கிடையாது, கட்சி அரசியல்.

சுத்தி செய்த குக்குலு வேறு என்றால், அதையும் இதே மாதிரிச் சோதிக்கலாமே? அதுதான் நியாயமான பதில். 2009-ல் நார்வேயில் 43 பேரை வைத்து 12 வாரம் பார்த்தார்கள். மொத்தக் கொலஸ்ட்ரால் கொஞ்சம் குறைந்தது. ஆனால் கெட்ட கொழுப்பில் சொல்லும்படி மாற்றம் இல்லை, நல்ல கொழுப்பும் சேர்ந்து குறைந்துபோனது.

மூட்டு வலிக்கும் வீக்கத்துக்கும் குக்குலுவை இன்றும் நான் எழுதுகிறேன். கொலஸ்ட்ராலுக்கு என்று எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

குக்குலு சேர்ந்த எதையாவது நீங்களாக வாங்கிச் சாப்பிடுகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. பி.பி.க்கும் நெஞ்சு வலிக்கும் கொடுக்கும் ப்ரோப்ரனலால், டில்டியாசெம் ஆகிய மருந்துகள் ரத்தத்தில் சேரும் அளவை இது குறைத்துவிடும். உங்கள் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

பூஞ்சையில் பிறந்த 'கெமிக்கல்'

"இங்கிலீஷ் மாத்திரை கெமிக்கல், இது இயற்கை" என்கிறார்கள். ஸ்டாட்டின் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1970-களின் தொடக்கத்தில் ஜப்பானில் அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பூஞ்சைகளையும் நுண்ணுயிர்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டே வந்தார். கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில் பூத்த பூஞ்சையில்தான் அது கிடைத்தது. நம் வீட்டு அரிசிப் பானையில் பூத்திருந்தால் கழுவிக் கொட்டியிருப்போம்! அவர் 2024-ல் காலமானார்.

ஆனால் பிறந்த இடத்தை வைத்து ஸ்டாட்டினை நான் மதிக்கவில்லை. ஸ்காண்டிநேவிய நாடுகளில் இதய நோயாளிகள் 4,444 பேரை வைத்து நடந்து 1994-ல் வெளியான சோதனைதான் காரணம். பாதிப் பேருக்கு சிம்வாஸ்டாட்டின், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை, சுமார் ஐந்தரை வருடம். முடிவில் வெற்று மாத்திரைக் கட்சியில் 256 பேர் இறந்திருந்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 182 பேர். குளோஃபிப்ரேட் தோற்ற இடத்தில் இது ஜெயித்தது. வாத்தியார் ஐயாவைப் போல ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு இந்த வித்தியாசம்தான் உயிர்.

கேப்ஸ்யூல்களை ஸ்டாட்டினோடு நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்ததும் உண்டு. 2022-ல் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் 190 பேரை வைத்து 28 நாள் சோதித்தார்கள். ரோசுவாஸ்டாட்டின் வெறும் 5 மில்லிகிராம் ஒரு பக்கம். மறுபக்கம் மீன் எண்ணெய், பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டெரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி என்று ஆறு வகைக் கேப்ஸ்யூல்கள். எல்லாவற்றுக்கும் நடுவில் வெற்று மாத்திரை. ஸ்டாட்டின் எல்.டி.எல்.லைச் சுமார் 38 சதவீதம் குறைத்தது. அந்த ஆறில் ஒன்றுகூட வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை. பூண்டு கேப்ஸ்யூல் சாப்பிட்டவர்களுக்கு எல்.டி.எல். அதைவிடக் கூடவே இருந்தது.

இந்தச் சோதனைக்குப் பணம் கொடுத்தது அந்த ரோசுவாஸ்டாட்டினைத் தயாரிக்கும் கம்பெனி. இருபத்தெட்டு நாள் குறுகிய காலம்தான். இதையும் நீங்கள் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். பூண்டு ரசத்தை விட்டுவிடாதீர்கள், ருசிக்கும் வயிற்றுக்கும் நல்லது. மாத்திரைக்குப் பதில் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

கால் வலி நிஜமா?

வாத்தியார் ஐயாவின் கெண்டைக்கால் வலியை நான் ஒதுக்கிவிடவில்லை. ஸ்டாட்டினால் சிலருக்குத் தசை வலி வருவது உண்மை. தாங்க முடியாத வலியும், கறுத்த சிறுநீரும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆனால் லண்டனில் நடந்து 2020-ல் வெளியான ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. பக்க விளைவு தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேரைக் கூப்பிட்டு ஆளுக்குப் பன்னிரண்டு பாட்டில் கொடுத்தார்கள். நாலு பாட்டிலில் ஸ்டாட்டின், நாலில் வெற்று மாத்திரை, நாலு காலி. மாதம் ஒரு பாட்டில், எந்த மாதம் எது என்று குலுக்கல் முறையில். மாத்திரை உள்ள பாட்டிலில் எது ஸ்டாட்டின் என்று அவர்களுக்குத் தெரியாது. உடம்பு படுத்துகிற பாட்டுக்குத் தினமும் நூற்றுக்கு எத்தனை மார்க் என்று அவர்களே போட வேண்டும்.

காலிப் பாட்டில் மாதங்களில் சராசரி 8 மார்க். ஸ்டாட்டின் மாதங்களில் 16.3. அப்பாடா, மாத்திரைதான் படுத்துகிறது என்கிறீர்களா? வெற்று மாத்திரை மாதங்களில் 15.4! மாத்திரை சாப்பிடுகிறோம் என்ற பயமே பெரும்பாலான வலியைக் கொண்டுவந்திருக்கிறது. வலி பொய் என்று யாரும் சொல்லவில்லை. வலி நிஜம், காரணம் வேறு. இதைப் பார்த்தபிறகு அவர்களில் பாதிப் பேர் மறுபடி ஸ்டாட்டின் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

பாருங்கள், ஓர் ஆள் தன் உடம்பையே வைத்துச் சோதிப்பதும் முடியாத காரியமில்லை. ஒழுங்காகச் செய்தால் அதுவும் பேசும்.

நீங்கள் சோதிக்க நினைத்தால்...

மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்கள், ஸ்டென்ட், பைபாஸ் செய்தவர்கள், சர்க்கரை நோயாளிகள் இந்த விளையாட்டுக்கே வரக் கூடாது. உங்கள் மாத்திரை உங்கள் மாத்திரைதான்.

மற்றவர்கள், கொலஸ்ட்ரால் கொஞ்சம் கூட, டாக்டரும் "மூணு மாசம் சாப்பாட்டில் பார்த்துட்டு வாங்க" என்று சொன்னவர்கள், அவரிடம் சொல்லிவிட்டுப் பார்க்கலாம். முதல் ரிப்போர்ட்டை நம்பாதீர்கள். இரண்டு, மூன்று வாரம் கழித்து அதே லேபில் இன்னொரு முறை எடுத்து, இரண்டின் சராசரியை வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல், ஆபரேஷன் சமயத்தில் எடுத்தது கணக்கில் சேராது. தைராய்டு டெஸ்டையும் சேர்த்துச் செய்துவிடுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலே கொலஸ்ட்ரால் ஏறும். அதைச் சரி செய்தால் தானே இறங்கும். பெண்கள் பலரிடம் நான் பார்த்தது இது.

பிறகு ஒரே ஒரு மாற்றம். ஒன்றே ஒன்றுதான்! நடையும் கேப்ஸ்யூலும் பத்தியமும் ஒரே நாளில் தொடங்கினால் யாருக்கு மார்க் போடுவது? எட்டு வாரம் கழித்து அதே லேபில் பாருங்கள். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் இறங்கியிருந்தால், அந்த மாற்றத்தை நிறுத்தி மறுபடி எட்டு வாரம். ஏறினால்தான் அது வேலை செய்திருக்கிறது.

எந்த மாற்றம் என்று என்னைக் கேட்டால், காசு குறைவானதிலிருந்து தொடங்குங்கள். தினமும் சுமார் 10 கிராம் இசப்கோல் உமி, இரண்டு வேளையாகப் பிரித்து, நிறையத் தண்ணீரோடு. இது கெட்ட கொழுப்பை 5, 7 சதவீதம் குறைக்கும் என்பது பல சோதனைகளில் நிலைத்து நின்ற செய்தி. மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். குறைவாகத்தான் தெரியும். ஆனால் இது உண்மையான ஏழு!

டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். உணவுத் துணைப்பொருள் என்று விற்கிறவற்றில், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று போட்டிருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. முன்பக்கம் இதயப் படம், பின்பக்கம் பொடி எழுத்தில் இந்த வரி. இயற்கைதானே, என்ன செய்துவிடும் என்றும் இருக்காதீர்கள். 2024 மார்ச்சில் ஜப்பானில், கொலஸ்ட்ராலுக்கு என்று விற்ற சிவப்பு அரிசிப் பூஞ்சைக் கேப்ஸ்யூல்களைச் சாப்பிட்டுப் பலருக்குச் சிறுநீரகம் கெட்டு, அவற்றைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள்.

வாத்தியார் ஐயாவின் மறு ரிப்போர்ட்

அன்றைக்கு அவருடைய இரண்டாவது ரிப்போர்ட்டில், அவர் வட்டம் போடாத ஒரு வரியைக் காட்டினேன். எல்.டி.எல். 108. "ஐயா, மாரடைப்பு வந்தவங்களுக்கு இது 70-க்குக் கீழேயாவது இருக்கணும். நீங்க இன்னும் பாஸ் பண்ணலை" என்றேன். இதய டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதி, மாத்திரையை நிறுத்தியது, கால் வலி, கேப்ஸ்யூல் எல்லாவற்றையும் சொல்லி, அன்றே போகச் சொன்னேன். அந்த அம்மாவிடம், "நீங்க குடுத்ததுதான் இவரைக் காப்பாத்தியிருக்கு. ஆனா இனிமே ஒளிச்சுக் குடுக்காதீங்க. என்ன சாப்பிடுறோம்னு தெரியாம டாக்டர் அளவைக் கூட்டிட்டா வம்பு" என்றேன். "இனிமே இவுக கையிலயே குடுத்துருதேன்" என்றார்.

இதய டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். ஆறு வாரம் கழித்து இருவரும் வந்தார்கள். எல்.டி.எல். 66. கால் வலி எப்படி என்று கேட்டேன். "இருக்கு... ஆனா மாடி ஏறுறேன்" என்றார் வாத்தியார். இந்த முறை சிவப்பு வட்டம் சரியான வரியில் இருந்தது.

எழுந்து போகும்போது வாசலில் நின்று, "டாக்டர், வீட்டுல இன்னும் பதினோரு டப்பா இருக்கே. என்ன செய்ய?" என்று கேட்டார்.

"பில் இருக்கா ஐயா?"

"பில் எங்க குடுத்தான்!" என்றார் அந்த அம்மா.